பெரான் குடும்பமும் ஆர்கானிக் வைனும்: ஷாத்தோ த போக்காஸ்தெல் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்கானிக் வைன்னு சொன்னதுமே சல்ஃபைட் (வைன் கெடாம இருக்கப் போடுற சல்ஃபர் பொருள்) இல்லாத வைன், தலைவலி வராத வைன், உடம்புக்கு நல்ல வைன்னு வரிசையா அடுக்குறவங்கதான் அதிகம். இதுல ஒண்ணு கூட சரி இல்ல. பொத்தாம்பொதுவா விளக்குனா மண்டையில நிக்காதுங்கிறதால போக்காஸ்தெல்ங்கிற ஒரே ஒரு தோட்டத்த எடுத்துக்கிட்டு அதை வச்சே எல்லா கேள்விக்கும் பதில் சொல்லலாம்னு இத எழுதறேன். பாட்டில்ல என்ன இல்லங்கிறத விட மண்ணுல வருஷம் பூரா என்ன வேலை நடக்குதுங்கிறதுதான் ஆர்கானிக், இதத்தான் நான் நம்புறேன், கீழ எல்லா பதில்லயும் இதுதான் வரும்.

போக்காஸ்தெல் எங்க இருக்கு, யாரோட தோட்டம்?

தெற்கு பிரான்ஸ்ல, ரோன் நதிக் கரைப் பக்கம், அவிஞ்ஞோனுக்கும் ஒராஞ்சுக்கும் நடுவுல கூர்த்தெசோன்னு ஒரு சின்ன ஊரு. அங்கதான் இருக்கு. வைன் வட்டாரப் பேரு ஷாத்தோநெஃப்-து-பாப். போப்புகள் ரோமை விட்டு அவிஞ்ஞோன்ல வந்து உக்காந்திருந்தாங்களே 14ஆம் நூற்றாண்டுல, அதை வச்சு வந்த பேரு.

போக்காஸ்தெல்ங்கிறது பழைய குடும்பம் ஒண்ணோட பேரு, 1549ல பியேர் த போக்காஸ்தெல்னு ஒருத்தர் அங்க நிலம் வாங்குனதா பதிவு இருக்கு. ஆனா இன்னைக்கு நாம பேசுற வைனோட கதை 1909ல பியேர் த்ராமியே இந்த இடத்த வாங்குனதுல இருந்துதான் ஆரம்பிக்குது. அவருக்கு அப்புறம் மருமகன் பியேர் பெரான், அடுத்து அவர் மகன் ஜாக் பெரான், அப்புறம் ஜாக்கோட பசங்க ஜான்-பியேர், ஃபிரான்சுவா, இப்ப அவங்க பிள்ளைங்கனு அஞ்சு தலைமுறையா ஒரே குடும்பம். மொத்தம் 130 ஹெக்டேர் சொச்சம், அதுல சுமார் 100 ஹெக்டேர்ல திராட்சைக் கொடி. கொடியில முக்கால்வாசி ஷாத்தோநெஃப் எல்லைக்குள்ள வருது, மிச்சம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கூதுலேங்கிற துண்டு.

கொடி இல்லாத அந்த 30 ஹெக்டேர சும்மாவா வச்சிருக்காங்க?

சும்மா இல்ல, அது ஆறப் போட்டிருக்கிற நிலம். வருஷா வருஷம் ஒண்ணு ரெண்டு ஹெக்டேர் பழங்கொடியப் பிடுங்கிட்டு, அதே அளவு புதுக்கொடிய குறைஞ்சது பத்து வருஷம் கொடியே வைக்காம விட்ட நிலத்துல நடறாங்க. திராட்சைக்கு வைரஸ் பரப்புற நூற்புழு பழைய வேர்லயே ஒட்டிக்கிட்டு பல வருஷம் மண்ணுல கிடக்கும். மத்தவங்க மண்ணுக்கு மருந்து போட்டு அதைக் கொன்னுட்டு உடனே நடுவாங்க, இவங்க அதுவா சாகிற வரைக்கும் காத்திருக்காங்க. ஷாத்தோநெஃப் மாதிரி விலை போற மண்ணுல பத்து வருஷம் வருமானம் இல்லாம நிலத்தப் போட்டு வைக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. இந்தத் தோட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

1950லயே ஆர்கானிக் ஆயிட்டாங்கனு சொல்றாங்களே, அப்ப அந்த வார்த்தையே இருந்துச்சா?

சட்டத்துல இல்ல. பிரெஞ்சு அரசு இந்த விவசாயத்த 1980லதான் அங்கீகாரம் பண்ணுச்சு, ஆர்கானிக்குக்கான பச்சைக் கலர் ஏபி முத்திரை 1985ல வந்துச்சு. அதுக்கு 30 வருஷம் முன்னாடியே ஜாக் பெரான் ரசாயன உரம், பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாத்தையும் நிறுத்திட்டாரு.

அந்தக் காலகட்டத்த நெனைச்சுப் பாத்தாதான் இதோட கனம் புரியும். அதுக்கு முன்ன கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டா பிரான்ஸ் திராட்சை விவசாயிங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. ஃபிலாக்ஸெராங்கிற வேர்ப்பூச்சி பிரான்ஸ்ல மொதமொதல்ல கண்ணுல பட்டதே 1863ல, இந்த ஊருக்கு ஆத்துக்கு அந்தாண்ட இருக்கிற புஜோ கிராமத்துல. அது நாடு பூரா கொடிகளக் காலி பண்ணி, கடைசில அமெரிக்க வேர்ச்செடி மேல பிரெஞ்சுக் கொடிய ஒட்டு கட்டித்தான் தப்பிச்சாங்க. அப்புறம் ரெண்டு உலகப் போர். அது முடிஞ்சு உரமும் களைக்கொல்லியும் மலிவா வந்தப்ப, குதிரைய வச்சு உழுது முதுகு ஒடிஞ்ச விவசாயி சந்தோஷமா வாங்கிப் போட்டான், அவனக் குறை சொல்ல முடியாது. எல்லாரும் அந்தப் பக்கம் போறப்ப ஜாக் மட்டும் வேண்டாம்னு நின்னதுக்கு லேபிள் காரணம் இல்ல, ஆர்கானிக்னு போட்டு கூட நாலு காசு வாங்கலாம்னும் இல்ல, அப்படி ஒரு சந்தையே அன்னைக்குக் கிடையாது. மண்ணு கெட்டா வைன் கெடும்னு நம்புனாரு, அவ்வளவுதான்.

சரி, தோட்டத்துல அப்படி என்னதான் பண்றாங்க?

களைக்கு மருந்து கிடையாது, உழவுதான். கொடி வரிசைக்கு நடுவுல டிராக்டர் போகும், ஆனா கொடியோட தூர்கிட்ட இருக்கிற களைய எடுக்க தனிக் கலப்பை வேணும், கொடியில இடிக்காம உள்ள போயிட்டு வெளிய வர்ற மாதிரி. இந்த உழவு மேல்வேரை அறுத்து விட்ருதுங்கிறதால கொடி வேற வழி இல்லாம ஆழத்துக்கு வேர் விடும். வெயில் காலத்துல தண்ணிக்கு அதுதான் காப்பு.

உரத்துக்கு எருவும், பிழிஞ்ச திராட்சைச் சக்கையும் சேத்து மக்க வச்ச கம்போஸ்ட். ரசாயன உரம் மாதிரி திடீர்னு கொடிய இலையா தள்ளாது, மெதுவாதான் வேலை செய்யும். இது நோய் விஷயத்துலயும் உதவும், ஏன்னா நைட்ரஜன் ஜாஸ்தியான கொடியில இலை நெருக்கமாகி, உள்ள காத்து புகாம, பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

திராட்சைக் காய்ப்புழு அந்துப்பூச்சிக்கு பொதுவா ஆர்கானிக் தோட்டங்கள்ல பண்றது என்னன்னா, பொண்ணு பூச்சியோட வாசனைய சின்னச் சின்னக் குப்பிகள்ல அடைச்சு தோட்டம் பூரா கட்டி விட்ருவாங்க. ஆம்பளப் பூச்சி எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாம சுத்தும், சேர்க்கை நடக்காது, முட்டை இருக்காது. விஷம் ஒரு சொட்டு இல்ல.

அறுவடை முழுக்க கையாலதான், இது ஷாத்தோநெஃப் சட்டமே, ஆர்கானிக்கா இல்லையாங்கிற பேச்சே இல்ல. மெஷின் வச்சு உலுக்கக் கூடாது. அழுகுனதையும் பழுக்காததையும் அங்கயே கழிச்சுடணும். ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர், அதாவது 3,500 லிட்டருக்கு மேல எடுக்கவும் கூடாது.

ஆர்கானிக்ல மயில்துத்தம் அடிக்கிறாங்களே, அது ரசாயனம் இல்லையா?

நியாயமான கேள்வி, இதை யாரும் மழுப்பக் கூடாது. அடிக்கிறாங்க. மயில்துத்தமும் (இது தாமிர உப்பு) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, பேருலயே போர்தோ ஊரு இருக்கு. 1880கள்ல போர்தோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மில்லார்தே கண்டுபிடிச்சது. அமெரிக்காவுல இருந்து வந்த அடிச்சாம்பல் நோய்க்கு அது மருந்தாச்சு.

அந்த நோய் எப்படி இருக்கும்னா, மழை பெஞ்சு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு இலை மேல எண்ணெய் சிந்துன மாதிரி மஞ்சளா ஒரு திட்டு. இலையத் திருப்பிப் பாத்தா அதே இடத்துல வெள்ளையா பஞ்சு படிஞ்ச மாதிரி இருக்கும். அதைப் பாக்குற நேரத்துல பாதி ஆட்டம் முடிஞ்சிருக்கும். ரசாயன மருந்துல சிலது செடிக்குள்ள ஊடுருவிப் போய் உள்ள இருந்தே காக்கும். தாமிரம் அப்படி இல்ல, இலை மேல பூச்சு மாதிரி உக்காந்திருக்கும், ஒரு நல்ல மழை வந்தா கழுவிட்டுப் போயிடும், திரும்ப அடிக்கணும். திரும்பத் திரும்ப டிராக்டர் ஓட்டுறதுல டீசல் வேற.

தாமிரம் மக்காது, மண்ணுலயே தங்கும், அளவு ஏறுனா மண்புழுவுக்கும் மண்ணுல இருக்கிற பூஞ்சைக்கும் கெடுதல். அதனாலதான் ஐரோப்பிய ஒன்றியம் 2019ல இருந்து ஹெக்டேருக்கு 7 வருஷத்துக்கு மொத்தம் 28 கிலோ தாமிரம்னு உச்சவரம்பு வச்சிருக்கு, சராசரி வருஷத்துக்கு 4 கிலோ. என்னோட கருத்து, ஆர்கானிக் திராட்சை விவசாயத்துல இன்னும் தீராத பிரச்சினை இது ஒண்ணுதான். இதைச் சொல்லாம ஆர்கானிக்க கொண்டாடுறது வாங்குறவங்களுக்குப் பண்ற துரோகம். அதே நேரம், தாமிரத்தக் காட்டி மொத்த ஆர்கானிக்கும் பித்தலாட்டம்னு சொல்றதயும் என்னால ஏத்துக்க முடியல, ஏன்னா களைக்கொல்லி இல்லாத, உரம் கொட்டாத மண்ணோட நிலைமையே வேற.

எல்லா ஊர்லயும் இப்படிப் பண்ண முடியுமா?

இவங்க ஊருக்கு ஒரு பெரிய வரம் மிஸ்ட்ரல். ரோன் பள்ளத்தாக்குல வடக்கிலிருந்து இறங்குற காஞ்ச காத்து, அடிக்க ஆரம்பிச்சா நாள் கணக்கா அடிக்கும், மழை நின்ன கொஞ்ச நேரத்துல இலை காஞ்சிடும். ஈரம் இல்லாட்டி பூஞ்சணம் இல்ல. காத்து அவ்வளவு பலமா அடிக்கிறதாலதான் இங்க கொடிய கம்பி கட்டாம குட்டையா புதர் மாதிரி வளக்குற பழக்கம், காத்துல ஒடியாம இருக்க. ஷாம்பெயின்லயோ போர்தோலயோ இந்த வசதி கிடையாது, அங்க ஆர்கானிக் பண்றவங்க உண்மையிலயே கஷ்டப்படுறாங்க.

அப்படின்னு தெற்குல எல்லாம் சுலபம்னு இல்ல. 2018 வசந்தத்துல மழை விட்டு விட்டுப் பெஞ்சு ஷாத்தோநெஃப்லயே அடிச்சாம்பல் நோய் வெளுத்து வாங்குச்சு, க்ரெனாஷ் ரகம் ரொம்ப அடிபட்டுச்சு, ஆர்கானிக் விவசாயிங்க பல பேரு விளைச்சல்ல பெரும்பங்க இழந்தாங்க.

இன்னொண்ணு அந்த ஊரு கல்லு. படத்துல பாத்திருப்பீங்க, கொடிக்குக் கீழ மண்ணே தெரியாம உருண்டை உருண்டையா கூழாங்கல்லு, சிலது தேங்கா அளவுக்கு. ஒரு காலத்துல ரோன் நதி ஆல்ப்ஸ் மலையிலிருந்து உருட்டிக்கிட்டு வந்து போட்டது. பகல் பூரா வெயில்ல காஞ்சு ராத்திரி அடுப்பை அணைச்ச தோசைக்கல்லு மாதிரி சூட்ட விட்டுக்கிட்டே இருக்கும். அதுக்கு அடியில களிமண் இருக்கு, அதுதான் தண்ணியப் பிடிச்சு வைக்குது. இந்தக் கல்லுல கலப்பை ஓட்டுறது எவ்வளவு பாடு, கொழு எவ்வளவு சீக்கிரம் தேயும்னு விவசாயம் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

பயோடைனமிக்னா என்ன? அது வேற, ஆர்கானிக் வேறயா?

ஆர்கானிக்குக்கு மேல ஒரு படி. ருடால்ஃப் ஸ்டெய்னர்ங்கிற ஆஸ்திரிய சிந்தனையாளர் 1924ல குடுத்த விவசாயச் சொற்பொழிவுகள்ல இருந்து வந்தது. தோட்டத்த ஒரே உயிரா பாக்கணும், வெளியிலிருந்து எதுவும் கொண்டு வராம மாடு, ஆடு, எரு, பயிர் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு தாங்கணும்ங்கிறது அடிப்படை. அது கூட நிலா நாள் பாத்து வேலை, மாட்டுக் கொம்புல சாணிய அடைச்சு குளிர்காலம் பூரா மண்ணுல புதைச்சு வசந்தத்துல எடுத்து, தண்ணியில ஒரு மணி நேரம் கலக்கி ஹெக்டேருக்கு 100 கிராம் கணக்குல தெளிக்கிறதும் உண்டு. போக்காஸ்தெல் 1974ல இருந்து இந்த வழியில போகுது.

100 கிராம் சாணி ஒரு ஹெக்டேர மாத்தும்னு அறிவியல் ரீதியா நிரூபணம் இல்ல, நானும் அத நம்பல. ஆனா நான் மதிக்கிற வைன் ஆளுங்கள்ல பாதிப் பேரு பயோடைனமிக்தான். காரணம் கொம்பு இல்லனு நெனைக்கிறேன், தெனமும் தோட்டத்துக்குள்ள நடந்து கொடி கொடியா பாக்குற பழக்கம். எண்ணெய்த் திட்டு மொத இலையில வர்றப்பவே கண்ணுல பட்ரும்ல.

13 ரகம் திராட்சை போடுறாங்களாமே?

ஆமா, ஷாத்தோநெஃப் சட்டம் 13 ரகத்த அனுமதிக்குது, போக்காஸ்தெல் 13ஐயும் வளக்குது. க்ரெனாஷ், மூர்வெத்ர், சிரா, கூனுவாஸ், சின்சோ, வெள்ளையில ரூசான், க்ளேரெத், பூர்புலாங்னு போகும். சுத்துப்பட்டுல பெரும்பாலானவங்க க்ரெனாஷ்ல காலம் தள்றப்ப இவங்க சிவப்பு வைன்ல க்ரெனாஷும் மூர்வெத்ரும் கிட்டத்தட்ட சமமா, ஒவ்வொண்ணும் 30 சதவீதம் மாதிரி இருக்கும். மூர்வெத்ர் லேட்டா பழுக்கும், வம்பு புடிச்ச ரகம், ஆனா பழுத்துட்டா வைனுக்கு முதுகெலும்பு அதுதான். பல ரகம் வச்சிருக்கிறதுல ஒரு விவசாய லாபமும் இருக்கு: ஒரு வருஷம் க்ரெனாஷ் பூ உதிர்ந்தாலும் மத்தது தாங்கும். ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியா நொதிக்க வச்சு கடைசிலதான் கலப்பாங்க.

ஆர்கானிக்னு சொல்லிட்டு திராட்சைய 80 டிகிரிக்கு சூடு பண்றாங்களாமே, இது என்ன நியாயம்?

இந்தத் தோட்டத்தப் பத்திக் கேக்குற கேள்விகள்லயே எனக்கு சுவாரசியமானது இதுதான். பியேர் பெரான் யோசிச்சு ஆரம்பிச்சு, மகன் ஜாக் செம்மைப்படுத்துன முறை. காம்பு நீக்குன முழுத் திராட்சை ஒரு குழாய் வழியா வேகமாப் போகும், அந்தக் குழாயச் சுத்தி சூடு. தோல் மட்டும் 80 டிகிரி வரைக்கும் ஏறும், உள்ள இருக்கிற சாறு அந்தளவு சூடாகிறதுக்குள்ள வெளிய வந்து உடனே குளிர வச்சுருவாங்க. வேக வைக்கிறது இல்ல, தொட்டுட்டு விடுறதுதான்.

எதுக்குன்னா, வெட்டுன ஆப்பிள் பழுப்பாகுதே, அதே மாதிரி திராட்சைச் சாறையும் காத்து பட்டுக் கெடுக்குற என்சைம்கள் தோலுக்குப் பக்கத்துல இருக்கு. வழக்கமா அதை அடக்க சல்ஃபர் டை ஆக்சைடு போடுவாங்க. இவங்க சூட்டுல அந்த என்சைம செயலிழக்க வச்சிட்டு சல்ஃபரக் குறைச்சுக்கிட்டாங்க. கூடவே தோல்ல இருந்து கலரும் நல்லா இறங்கும்.

அதாவது கெமிக்கலுக்குப் பதிலா இயற்பியல். "ஒண்ணும் பண்ணாம விட்டா அதுதான் இயற்கை"னு நெனைக்கிறவங்களுக்கு இது இடிக்கும். எனக்கு இடிக்கல. ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும், ஐரோப்பிய ஆர்கானிக் வைன் விதியில சூடு பண்றதுக்கு இப்ப 75 டிகிரி வரம்பு இருக்கு, முன்னாடி 70. 80ங்கிறது அந்த விதிகளுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி ஜாக் காலத்து முறைக்குச் சொல்ற கணக்கு.

அப்ப ஆர்கானிக் வைன்ல சல்ஃபைட் இருக்கா இல்லையா?

இருக்கு. நொதிக்கிறப்ப ஈஸ்ட்டே கொஞ்சம் உண்டாக்கும், மேல கொஞ்சம் சேப்பாங்க. இனிப்பில்லாத சிவப்பு வைனுக்கு ஐரோப்பிய வரம்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம், ஆர்கானிக்னா 100. வெள்ளைக்கு 200, ஆர்கானிக்னா 150. லிட்டருக்கு 10 மில்லிகிராம் தாண்டுனாலே சல்ஃபைட் இருக்குனு லேபிள்ல போட்டே ஆகணும், அதனால ஆர்கானிக் பாட்டில்லயும் அந்த வரி இருக்கும், பாத்துட்டு ஏமாத்திட்டாங்கனு நெனைக்காதீங்க.

தலைவலி வராதுல்ல?

வரும், ஜாஸ்தி குடிச்சா கண்டிப்பா வரும். ஷாத்தோநெஃப் சிவப்பு வைன்ல ஆல்கஹால் 14 சதவீதத்தச் சாதாரணமாத் தாண்டும். ஆல்கஹால உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகை புற்றுநோய்க் காரணியா வகைப்படுத்தியிருக்கு, அதுல ஆர்கானிக் சாதாரணம்னு பிரிவு கிடையாது. ஆஸ்துமா இருக்கிற சில பேருக்கு சல்ஃபைட் நெஜமாவே சேராது, அவங்க டாக்டரக் கேட்டுக்கணும். உடம்புக்கு நல்லதுன்னு நெனைச்சு யாரும் ஆர்கானிக் வைன் வாங்காதீங்க, தயவுசெஞ்சு.

சல்ஃபரக் குறைச்சா வைன் கெட்டுப் போகாதா?

போகலாம். ப்ரெட்டனோமைசிஸ்னு ஒரு ஈஸ்ட் இருக்கு, வைன்ல சல்ஃபர் குறைஞ்சு, அதை வச்சிருக்கிற பாதாள அறையும் சூடா இருந்தா அதுக்குக் கொண்டாட்டம். குதிரை லாயம், வேர்வை படிஞ்ச தோல் சேணம் மாதிரி வாசனை குடுக்கும். போக்காஸ்தெல்லோட 80கள், 90கள் பாட்டில்கள்ல இந்த வாசனை இருக்கானு வைன் உலகத்துல பெரிய விவாதமே நடந்துச்சு, சிலருக்கு அதுதான் அழகு, சிலருக்கு அது குறை. லேசா இருந்தா எனக்குப் பிடிக்கும், பழத்த மூடிட்டா பிடிக்காது.

லேபிள்ல எதைப் பாத்து வாங்கணும்?

ஐரோப்பிய ஒன்றியத்தோட பச்சை இலை சின்னம், நட்சத்திரங்களால ஆன இலை. பிரான்ஸ்னா கூடவே ஏபி முத்திரையும் இருக்கலாம், சோதனை பண்ற அமைப்போட எண்ணும் இருக்கும். 2012க்கு முந்தின அறுவடை பாட்டில்கள்ல "ஆர்கானிக் திராட்சையில செஞ்ச வைன்"னுதான் போட முடியும், ஏன்னா அதுவரைக்கும் ஐரோப்பிய விதி தோட்டத்துக்கு மட்டும்தான் இருந்துச்சு, பாதாள அறைக்குள்ள நடக்குறதுக்கு விதியே இல்ல. தோட்டம் மாறுறதுக்கு 3 வருஷம் ஆகும், அந்த இடைக்காலத்துல முழு ஆர்கானிக்னு போடக் கூடாது.

பெரான்னு பேரு பாத்துட்டா எல்லாமே இந்தத் தோட்டத்து வைன்னு எடுத்துக்காதீங்க. இந்தக் குடும்பம் 1970ல ஆரம்பிச்ச லா வியேய் ஃபெர்ம்ங்கிற கோழிப் படம் போட்ட மலிவான வைன் பல விவசாயிங்ககிட்ட வாங்குற திராட்சையில வர்றது. நல்ல வைன்தான், ஆனா வேற கதை.

ஆர்கானிக்னா வீகனா?

இல்ல. வைனத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீன்ல இருந்து எடுக்குற பசை இதெல்லாம் ஆர்கானிக்லயும் அனுமதி உண்டு. வீகன்னு தனியா போட்டிருந்தா மட்டும் நம்புங்க.

இந்தியாவுக்கும் போக்காஸ்தெல்லுக்கும் ஏதோ தொடர்பு இருக்குனு கேள்விப்பட்டேன்?

இருக்கு. பாதாள அறைகளப் புதுப்பிச்சுக் கட்டுற வேலைக்கு அவங்க தேர்ந்தெடுத்தது மும்பையோட பிஜாய் ஜெயின் நடத்துற ஸ்டூடியோ மும்பைய, கூட பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் ஒருத்தரும். அங்க தோண்டுன மண்ணயே இடிச்சுக் கெட்டிச்சு சுவர் எழுப்புறது, மழைத்தண்ணிய பூமிக்கடியில தொட்டியில சேக்குறது, மிஸ்ட்ரல் காத்த உள்ள இழுத்து அந்தத் தண்ணிக்கு மேல ஓட விட்டு ஏசி இல்லாம அறையக் குளிர வைக்கிறது, இதான் திட்டம். கொடிய நோயிலிருந்து காப்பாத்துற காத்தே வைனயும் குளிர வைக்குதுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

வேற நாட்டுலயும் இவங்க தோட்டம் வச்சிருக்காங்களா?

கலிஃபோர்னியாவுல, பாசோ ரோப்லெஸ் பக்கம் டாப்லாஸ் க்ரீக். இவங்க வைன அமெரிக்காவுல இறக்குமதி பண்ணுன ராபர்ட் ஹாஸ் கூட சேந்து 1989ல வாங்குனது. போக்காஸ்தெல் கொடிக் குச்சிகளையே கொண்டு போய், பல வருஷம் அமெரிக்க அரசாங்கக் கண்காணிப்புல வச்சு நோய் இல்லைனு ஆனப்புறம்தான் நட முடிஞ்சுச்சு. அங்கயும் ஆர்கானிக், அப்புறம் பயோடைனமிக், மந்தை மந்தையா ஆடு மேய விட்டுத்தான் களை எடுக்குறாங்க.

விலை அதிகமா இருக்கே, எதுல ஆரம்பிக்கலாம்?

கூதுலே த போக்காஸ்தெல். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதே மாதிரி கல்லு மண்ணு, அதே ஆளுங்க, அதே விவசாயம், ஆனா ஷாத்தோநெஃப் எல்லைக் கோட்டுக்கு வெளிய இருக்கிறதால கோத் து ரோன்ங்கிற பொதுவான வட்டாரப் பேருதான், விலையும் ரொம்பவே கம்மி. உச்சத்துல இருக்கிறது 1978ல இறந்து போன ஜாக் நினைவா 1989ல ஆரம்பிச்ச ஹொம்மாஜ் ஆ ஜாக் பெரான், பெரும்பகுதி மூர்வெத்ர், நல்ல வருஷத்துல மட்டும்தான் வரும், விலையக் கேட்டா மூச்சு நின்னுடும்.

எப்பத் திறக்கணும்?

கூதுலேன்னா வாங்குன கொஞ்ச வருஷத்துல திறக்கலாம். போக்காஸ்தெல் சிவப்ப பத்து வருஷமாவது விட்டாதான் மூர்வெத்ர் இளகும். வெள்ளைல ஒரு விசித்திரம் உண்டு, ரூசான் அதிகமா இருக்கிறதால மொத மூணு நாலு வருஷம் நல்லா இருக்கும், அப்புறம் வாசனையும் ருசியும் காட்டாம பல வருஷம் மூடிக்கும், கலரும் கருத்த மாதிரி தெரிஞ்சு கெட்டுப்போச்சோனு பயமா இருக்கும், பத்துப் பன்னண்டு வருஷத்துக்கு அப்புறம் தேனும் வாதுமையுமா திரும்ப வரும். நடுவுல திறந்துட்டு ஏமாந்தவங்க நெறைய பேரு. ஒண்ணு சீக்கிரம் குடிங்க, இல்லன்னா நல்லா லேட்டா குடிங்க. ரொம்பச் சில்லுனு வைக்காதீங்க, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அரை மணி நேரம் வெளிய வச்சப்புறம் ஊத்துங்க.